விண்மீன் கணக்கர்

நுழையும்முன்

அறிவியல் ஆய்வு என்றதும் பட்டம் பெற்ற அறிஞர்களும் பெரிய ஆய்வுக்கூடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் வானியல் துறை, ஊதியம் கருதாத ஆர்வலர் பலரின் உழைப்பாலும் வளர்ந்த துறையாகும். பள்ளித் தேர்வில் மும்முறை தோற்ற ஒருவர், உலக வானியலாளர் நம்பிப் போற்றும் நோக்கராக உயர்ந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நாளுக்கொரு படி

திருத்தணி மலைக்கோயிலுக்குச் செல்லும் படிகள் 365. அவை ஓர் ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் நடைபெறும் திருப்படித் திருவிழாவில் அடியார்கள் ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடி ஏறுவர். ஒரு படியைத் தாண்டி மறுபடியை எட்ட அங்கு எவரும் விரைவதில்லை. படிப்படியாக ஏறியே உச்சியை அடைகின்றனர்.

வானத்தையும் அவ்வாறே இரவுக்கு இரவு அணுகியவர் இராதா கோவிந்த சந்திரர். வங்க மண்ணில் பிறந்து வாழ்ந்த அவர் பயன்படுத்திய தொலைநோக்கி, பிற்காலத்தில் தமிழகத்துச் சவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு வந்து சேர்ந்தது. அத்தொலைநோக்கி கடந்துவந்த வழியே அவருடைய வாழ்க்கை வரலாறும் ஆகும்.

பாடநூல் தந்த வித்து

இராதா கோவிந்த சந்திரர் 1878ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தின் ஜெசோர் மாவட்டத்திலுள்ள பாக்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளியில் பயின்றபோது, அட்சயகுமார் தத்தர் எழுதிய பாடநூலொன்றில் அண்டத்தின் பேரளவைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். வகுப்பறையில் படித்த அச்சில பக்கங்கள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அன்றுமுதல் விண்மீன்களை அறியும் வேட்கை அவரை விட்டு அகலவில்லை.

ஆனால், பள்ளிக்கல்வி அவருக்குக் கைகொடுக்கவில்லை. கல்லூரிக்குள் நுழைவதற்குரிய தேர்வை மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் தோல்வியுற்றார். வானியலைக் கல்லூரியில் கற்கும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. குடும்பம் நடத்த வருவாய் தேவைப்பட்டது. ஆகவே, ஜெசோர் கருவூலத்தில் மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் பணியில் சேர்ந்தார்.

பகலில் நாணயங்களை எண்ணியவர் இரவில் விண்மீன்களை எண்ணத் தொடங்கினார். அவ்வூரில் காளிநாத் முகர்ஜி என்னும் வழக்கறிஞர் வானியலில் ஈடுபாடு கொண்டு விண்மீன் வரைபடங்களை உருவாக்கி வந்தார். அவரிடம் சந்திரர் விண்மீன்களை இனங்காணக் கற்றுக்கொண்டார். 1910ஆம் ஆண்டு ஹாலி வால்மீன் தோன்றியபோது, இருகண் நோக்கி ஒன்றின் துணையுடன் அதனைத் தொடர்ந்து கண்டு குறிப்பெழுதினார். தொலைநோக்கி ஒன்று வேண்டும் என்னும் விருப்பம் வலுப்பெற்றது. சிற்றூதியம் பெறும் பணியாளருக்கு அது பெருஞ்செலவே. எனினும் 1912இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்.

கழுகு மண்டலத்தில் ஒரு புதுமீன்

1918ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓரிரவு, கழுகு எனப்படும் விண்மீன் மண்டலத்தில் முன்பு கண்டிராத ஒளிமிக்க மீன் ஒன்றைச் சந்திரர் கண்டார். மங்கிக் கிடந்த விண்மீன் ஒன்று திடீரென வெடித்துப் பல்லாயிரம் மடங்கு ஒளிர்வதை வானியலார் நோவா என்பர். அவ்வாண்டு தோன்றியது, தொலைநோக்கி கண்டறியப்பட்ட பின் மனிதர் கண்டவற்றுள் மிகுந்த ஒளியுடைய நோவா ஆகும். உலகின் வேறு பகுதிகளிலும் பலர் அதனைக் கண்டனர். எனினும், எவருடைய துணையுமின்றித் தாமே அதனை இனங்கண்டது சந்திரரின் பயிற்சிக்குச் சான்றாயிற்று. வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் மனத்தில் இருத்தியவருக்கே அங்குப் புதிதாக வந்த ஒன்று புலப்படும்.

தம் குறிப்புகளை அவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வானோக்ககத்திற்கு அனுப்பினார். அதன் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங், அனுப்பியவரின் பட்டத்தையோ பதவியையோ பார்க்கவில்லை. குறிப்புகளின் துல்லியத்தையே பார்த்தார். விண்மீன் வரைபடங்களையும் நூல்களையும் சந்திரருக்கு அனுப்பிவைத்தார். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தில் சந்திரர் இணைய இத்தொடர்பே வழிவகுத்தது. 1911இல் தொடங்கப்பெற்ற அச்சங்கம், ஆர்வலர்களின் குறிப்புகளைத் திரட்டி வானியலாளருக்கு வழங்கும் அமைப்பாகும்.

மாறும் ஒளியும் மாறா உழைப்பும்

விண்மீன்கள் அனைத்தும் ஒரே சீராக ஒளிர்வதில்லை. சில மங்கும், பின் பொலிவுறும். அவை மாறொளி விண்மீன்கள் எனப்படும். திமிங்கில மண்டலத்திலுள்ள மீரா என்னும் விண்மீன் ஒருமுறை ஒளிர்ந்து மங்கி மீண்டும் ஒளிர ஏறத்தாழ 332 நாள்கள் ஆகின்றன. இத்தகைய விண்மீன்கள் பல்லாயிரம் உள்ளன. அவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்க, அன்றைய வானோக்ககங்களில் போதிய ஆள்களும் இல்லை, தொலைநோக்கிகளும் இல்லை. மேலும், அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது வங்கத்தில் இரவு. ஓரிடத்தில் முகில் மூடினால் வேறோரிடத்தில் வானம் தெளிந்திருக்கும். எனவே, உலகெங்கும் பரவியிருந்த ஆர்வலர்களின் கண்களே அறிவியலுக்குத் தேவைப்பட்டன.

செய்யும் முறை எளியது. மாறொளி விண்மீனின் அருகே ஒளி மாறாத விண்மீன்கள் சிலவற்றைத் தெரிவு செய்ய வேண்டும். அவற்றின் ஒளித்தரம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றோடு ஒப்பிட்டு, மாறொளி விண்மீனின் ஒளித்தரத்தைக் கணித்து, நாளும் நேரமும் சேர்த்து எழுத வேண்டும். எளிய இச்செயலில் ஓர் இடர் உண்டு. நேற்று எழுதிய எண் மனத்தில் நின்று இன்றைய கண்ணை ஏமாற்றும். இருக்க வேண்டும் என்று எண்ணுவதை எழுதாமல், இருப்பதை மட்டுமே எழுதுவதற்கு மனவுறுதி வேண்டும். கருவூலத்தில் போலி நாணயத்தைப் பிரித்தறிந்த சந்திரர், தம் குறிப்பேட்டிலும் நாணயம் தவறவில்லை.

அவருடைய பணியின் தரத்தை உணர்ந்த சங்கம், 1926ஆம் ஆண்டு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவர் பயன்பாட்டிற்காக அனுப்பியது. தாமும் ஓர் ஆர்வலரான சார்லசு எல்மர் என்பவருக்கு உரியதாக இருந்த கருவி அது. முன்பு மூன்று அங்குலத் தொலைநோக்கிக்கு எட்டாத மங்கலான விண்மீன்களும் இப்போது சந்திரருக்குப் புலப்பட்டன. பிரித்தானிய வானியல் சங்கத்திற்கும் பிரான்சு நாட்டு லியோன் வானோக்ககத்திற்கும் அவர் தம் குறிப்புகளை அனுப்பினார். 1928இல் பிரான்சு அரசு அவரைப் பாராட்டிச் சிறப்புப் பட்டம் வழங்கியது.

1954ஆம் ஆண்டு வரை அவர் பதிவு செய்த நோக்கல்கள் 37,215. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பகுத்தால், மழையிரவும் நிலவிரவும் சேர்த்து, ஓர் இரவுக்கு ஏறத்தாழ மூன்று. தனித்து நோக்கின் மூன்று என்பது சிறிய எண்ணே. விடாமல் சேர்ந்தபோது அது ஒரு கருவூலமாயிற்று.

புலம்பெயர்ந்த வானம்

1947இல் நாடு பிரிவினையுற்றபோது ஜெசோர் பாகிசுதானின் பகுதியாயிற்று. பிறந்த ஊரையும் பழகிய முற்றத்தையும் விட்டு, எழுபது வயதை நெருங்கிய சந்திரர் குடும்பத்துடன் கொல்கத்தாவை அடுத்த பராசத் என்னும் ஊரில் குடியேறினார். எல்லைக்கோடு மண்ணைப் பிரித்தது. அவர் நோக்கிய வானத்தைப் பிரிக்க அதனால் இயலவில்லை. புதிய ஊரிலும் அவர் தம் நோக்கல்களைத் தொடர்ந்தார்.

முதுமை மிகுந்து கண்ணொளி குறைந்தபோது, எல்மர் தொலைநோக்கியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. சங்கத்தின் விருப்பப்படி அது நைனிடாலில் பணியாற்றிய வானியலறிஞர் வைணு பாப்புவிடம் ஒப்படைக்கப்பெற்றது. பாப்புவே பின்னர்த் தமிழகத்தின் காவலூரில் வானோக்ககம் அமைத்தவர். அத்தொலைநோக்கியும் காலப்போக்கில் காவலூரை வந்தடைந்தது. சந்திரர் 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பராசத்தில் மறைந்தார்.

விண்மீனிலிருந்து விண்மீன் திரளுக்கு

சந்திரர் வாழ்ந்த காலத்தில் மாறொளி விண்மீன்கள் வானியலின் போக்கையே மாற்றின. ஹார்வர்டு வானோக்ககத்தில் பணியாற்றிய என்றியேட்டா லெவிட், ஒருவகை மாறொளி விண்மீன்களைக் கொண்டு தொலைவை அளக்க இயலும் என்பதற்கு வழிகாட்டினார். அவ்வழியில் எட்வின் ஹபிள், ஆந்திரோமேடா என்பது நம் பால்வழிக்கு வெளியேயுள்ள தனியொரு விண்மீன் திரள் என நிறுவினார். எல்மர் தொலைநோக்கி ஜெசோர் வந்த அதே 1926ஆம் ஆண்டில், விண்மீன் திரள்களை அவற்றின் வடிவத்தால் வகைப்படுத்தும் முறையையும் ஹபிள் வெளியிட்டார். சுருள் வடிவத் திரள்களில் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன; நீள்வட்டத் திரள்களில் பெரும்பாலும் முதிய விண்மீன்களே உள்ளன. ஆகவே, ஒரு திரளின் வடிவம் அது வளர்ந்த வரலாற்றை உணர்த்துகிறது.

பின்னாளில் தானியங்கித் தொலைநோக்கிகள் இலட்சக்கணக்கான திரள்களைப் படமெடுத்தன. அவற்றின் வடிவங்களைப் பிழையின்றிப் பிரித்தறியக் கணினிகள் அப்போது போதுமானவையாக இல்லை. அறிஞர்கள் மீண்டும் பொதுமக்களை நாடினர். 2007ஆம் ஆண்டு தொடங்கிய ‘கேலக்சி சூ’ என்னும் திட்டத்தில், ஏறத்தாழ ஒன்பது இலட்சம் திரள்களின் படங்கள் ஆர்வலர் முன் வைக்கப்பட்டன. ஒரே படத்தைப் பலர் தனித்தனியே பார்த்து வடிவத்தைக் குறித்தனர். ஒருவர் பிழையைப் பலருடைய கணிப்புத் திருத்தியது. முதலாண்டிலேயே ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஐந்து கோடிக் கணிப்புகளை வழங்கினர். செந்நிறச் சுருள் திரள்கள், நீலநிற நீள்வட்டத் திரள்கள் என, நிறத்தை மட்டும் கொண்டு வடிவத்தை முடிவு செய்யலாகாது என்பதற்குரிய சான்றுகள் அவற்றிலிருந்து பெருமளவில் கிடைத்தன.

சந்திரர் தம் வீட்டு முற்றத்தில் செய்த பணியும் இதுவே. தாம் கண்டதைக் கண்டவாறு குறித்து, பிறர் ஆராயத் தந்தார். அவர் பெயரால் கோட்பாடு எதுவும் இல்லை. அவர் குறித்த எண்களோ இன்றும் வானியலார் பயன்படுத்தும் தொகுப்பில் உள்ளன. தேர்வு மூன்று முறை அவருக்குக் கதவை அடைத்தது. ஆறாம் வகுப்பு மாணவருக்கும் முதுபெரும் அறிஞருக்கும் பொதுவான வானம் ஒருமுறையும் அடைக்கவில்லை. திருத்தணி மலைப்படியில் நின்று இரவில் அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் அவ்வானம் இன்றும் திறந்தே இருக்கிறது.