முள் காட்டிய உண்மை

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளி, கருவேல மரங்கள் மலிந்த நிலமாகும். செருப்பின்றி உழுவோர்க்கும் ஆடு மேய்ப்போர்க்கும் அங்கு முள் தைப்பது புதிதன்று. முள்ளோடு மண்ணிலுள்ள பூஞ்சையும் உடலினுள் நுழைதல் கூடும். ஆயினும், முள் தைத்தவருள் மிகப் பலர் நோயுறுவதில்லை. அவர்களைக் காப்பது யாது? அதனை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய பேரறிஞர் எலீ மெச்னிக்காவ் ஆவார்.

இன்று உக்ரைன் நாட்டிலுள்ள கார்க்கிவ் நகரை அடுத்த சிற்றூரில், 1845-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையிலேயே உயிர்நூலில் பெருவிருப்பங் கொண்டு, ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியரானார். அரசியற் குழப்பங்களால் 1882-இல் அப்பதவியைத் துறந்து, இத்தாலியின் மெசினா நகருக்குச் சென்றார். அங்கே, கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீனின் இளவுயிர் ஒன்றில் சிறு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில், அதன் உடலில் திரியும் அணுக்கள் அம்முள்ளை மொய்த்திருக்கக் கண்டு வியந்தார்.

பின்னர், குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை ஆராய்ந்தார். அஃது உணவோடு விழுங்கிய ஒருவகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துக்கள் குடலைத் துளைத்து வெளிப்பட்டன. உடனே அணுக்கள் விரைந்து சூழ்ந்து அவற்றை விழுங்கிச் சிதைத்தன. அணுக்கள் வென்றவிடத்து அவ்வுயிர் பிழைத்தது; பூஞ்சை விஞ்சியவிடத்து மாண்டது. இவ்வுண்மையை அவர் 1884-இல் வெளியிட்டார்.

அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து பரப்புவன என்றனர் சிலர்; குருதிநீரே கிருமிகளைக் கொல்வது என்றனர் வேறு சிலர். மெச்னிக்காவ் மனந்தளரவில்லை. 1888-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்து, சான்றுமேற் சான்று திரட்டினார். 1908-இல், குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்கும் அவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பது தெளிவாயிற்று. 1916-இல் அவர் பாரிசில் மறைந்தார்.

பூஞ்சையின் சுவரில், நம் உடலில் இல்லாத சர்க்கரைத் தொடர்ப் பொருள்கள் உள்ளன. அவற்றைக் கொண்டே வெள்ளை அணுக்கள் பகையை அறிகின்றன என்பது பிற்காலத்தார் கண்டது. முன்பின் அறியாத பகையையும் உடனே எதிர்க்கும் இக்காவல், பிறப்போடு வருவதாகும்.

ஆயினும், இக்காவலுக்கும் எல்லை உண்டு. 1842-இல் மதுரையில் மருத்துவர் ஒருவரால் குறிக்கப்பெற்று, அவ்வூர்ப் பெயராலேயே வழங்கும் மதுரைக்கால் நோய் அதற்குச் சான்று. பூஞ்சையாலோ சிலவகைப் பாக்டீரியாவாலோ வரும் இந்நோயில், கிருமிகள் திரண்டு கடினமான மணிகளாகின்றன. வெள்ளை அணுக்கள் அம்மணிகளைச் சூழ்கின்றன. ஆனால், விழுங்க இயலாது தோற்கின்றன. வலி மிகுதியாக இராமையால் பலர் நோயைப் புறக்கணிப்பர். அது முற்றி எலும்பை அரித்தபின், காலையே இழப்பாரும் உளர்.

உடலின் காவலர் நமக்காக ஓயாது போரிடுகின்றனர். காலிற் செருப்பணிந்தும், தைத்த முள்ளை அகற்றிப் புண்ணைத் தூய்மை செய்தும், வீக்கங் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடியும் அவர்க்குத் துணைநிற்றல் நம் கடமையாகும்.