துருவைக் காதலித்த மில் முதலாளி

போன வருடம் நம் பேட்ச் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியபோது பேச்சு பழைய கார்கள் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், இங்கிலாந்தில் ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடக்கும் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாராம். தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை, எஞ்சின் ஜாம், சீட்டுக்குள் எலிக்கூடு. அதைக் கப்பலில் தன் வீட்டுக்கு வரவழைத்து, ரிட்டயர் ஆன பிறகு சொந்தக் கையால் சரி செய்யப் போகிறாராம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே! முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் கைநிறைய கிரீஸோடு நின்ற அதே முகம்.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தவர் ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப். பழைய கார் பைத்தியங்கள் நடுவே உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். துருப்பிடித்த கார்களை வாங்கிக் குவித்ததில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த ஆசையே அவரை ஊரைவிட்டும் துரத்தியது. மலருக்கு ஏதாவது எழுது என்று செயற்குழு கேட்டதும், இவர் கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நூல் வியாபாரி

ஃபிரிட்ஸ் 1906-இல் இத்தாலியில் பிறந்தவர். அண்ணன் ஹான்ஸ் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். அப்பா சுவிட்சர்லாந்துக்காரர், அம்மா ழான் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள முலூஸ் நகரத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகள் சின்ன வயதிலேயே குடும்பம் அம்மாவின் ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் சகோதரர்கள் இருவரும் கடைசிவரை சுவிஸ் குடிமக்களாகவே இருந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

முலூஸ் நம்ம கோயம்புத்தூர் மாதிரி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மில்லும் நெசவும்தான் ஊரின் மூச்சு. ஃபிரிட்ஸ் கம்பளித் தரகராக ஆரம்பித்தார். அண்ணன் வங்கித் துறை. 1935-இல் இருவரும் சேர்ந்து கம்பளி நூல் கம்பெனி தொடங்கினார்கள். மால்மெர்ஸ்பாக் என்ற மலையடிவார ஊரில் இருந்த ஸ்பின்னிங் மில் அவர்கள் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வியாபாரம் கொழிக்க, ஒவ்வொரு மில்லாக வாங்கினார்கள். அம்மா மீது இருவருக்கும் அளவு கடந்த பாசம். பின்னாளில் உருவான கார் அருங்காட்சியகத்தையே அம்மா நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்கள்.

ஃபிரிட்ஸுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. அதன் பெயர் புகாட்டி!

புகாட்டி என்ற மோகம்

இன்றைய மாணவர்களுக்குப் புகாட்டி என்றால் கோடிக்கணக்கில் விலை சொல்லும் புதுக்கார்தான் தெரியும். பழைய புகாட்டி வேறு ஜாதி. எட்டோரே புகாட்டி என்ற இத்தாலியர், முலூஸ் இருக்கும் அதே அல்சாஸில் மோல்ஸைம் என்ற சிற்றூரில் 1909-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1924-இல் வந்த டைப் 35 ரேஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு சிலிண்டர் எஞ்சின். சக்கரம் அலுமினிய வார்ப்பு, பிரேக் டிரம்மும் அதோடு ஒட்டியே இருக்கும். முன் அச்சு உள்ளே குடைவானது, ஸ்பிரிங் பட்டைகள் அந்த அச்சின் நடுவே நுழைந்து போகும். சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. அதனால் வால்வு கிரைண்ட் பண்ணணும் என்றால்கூட எஞ்சினையே பிரிக்க வேண்டும். மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வரும், பார்ப்பவருக்கோ கண்ணை எடுக்க மனசு வராது.

எட்டோரேயின் மகன் ழான் 1939-இல் ஒரு காரை ஓட்டிப் பார்த்தபோது விபத்தில் இறந்தார். எட்டோரே 1947-இல் காலமானார். அதன்பின் கம்பெனி மெல்ல மெல்ல நொடித்துப்போனது. 1950-களில் பழைய புகாட்டிகளை யாரும் சீந்தவில்லை. கொட்டகைகளிலும் தோட்டங்களிலும் கிடந்து துருவேறின. அந்த நேரம் பார்த்துத்தான் ஃபிரிட்ஸ் களத்தில் இறங்கினார்.

உலகத்தில் எங்கே, யாரிடம், எந்தப் புகாட்டி இருக்கிறது என்ற உரிமையாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் விலை கேட்டுக் கடிதம் போட்டார். ஆள் கில்லாடி! முழுசாக இருந்தாலும் சரி, பாதியாக இருந்தாலும் சரி, வாங்கிக்கொண்டே இருந்தார். 1963-இல் புகாட்டி குடும்பத்தாரிடம் மிஞ்சியிருந்த கார்களும் அவரிடம் வந்துசேர்ந்தன. அதில் ஒன்று எட்டோரே தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ராயல். 12.7 லிட்டர் எஞ்சின். மொத்தமே ஆறு ராயல் கார்கள்தான் செய்யப்பட்டன.

முப்பது கார்களும் ஒரு ரயிலும்

இதையெல்லாம் மிஞ்சியது 1964-இல் நடந்த வியாபாரம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஹாஃப்மன் என்ற சின்ன ஊரில், ஜான் ஷேக்ஸ்பியர் என்ற புகாட்டிப் பிரியர் இருந்தார். அவரிடம் முப்பது கார்கள். எல்லாவற்றையும் விற்றுவிட முடிவு செய்தார். ஃபிரிட்ஸ் மொத்தமாக விலை பேசினார். அமெரிக்காவில் இருந்த வேறொரு புகாட்டி உரிமையாளர் போய்ப் பார்த்து நிலவரம் எழுதினார். மண்தரை, ஒழுகும் கூரை, உடைந்த ஜன்னல்கள், காருக்குள் பறவைக் கூடுகள். ஓடக்கூடிய நிலையில் ஒன்றுகூட இல்லை. வேறு யாராவது இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஃபிரிட்ஸ் விலையைக் குறைக்கத்தான் அதைப் பயன்படுத்தினார். இழுபறிக்குப் பிறகு 85,000 டாலருக்கு முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு காருக்கு 3,000 டாலர்கூட ஆகவில்லை. அதற்குள் இன்னொரு ராயலும் அடக்கம்!

கார்களைத் திறந்த ரயில் வேகன்களில் வரிசையாக நிறுத்திக் கட்டி, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம்வரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து கப்பல். பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இறக்கம். பிறகு முலூஸ். மழைக்கும் வெயிலுக்கும் மேல்மூடியில்லாத வேகன்களில் முப்பது புகாட்டிகள் வரிசையாக நிற்கும் அந்தப் படம் பழைய கார் உலகத்தில் பிரசித்தம். இறக்குமதி என்றால் அது இறக்குமதி.

மில்லுக்குள் ரகசியம்

முலூஸில் 1957-இல் வாங்கிய பழைய கம்பளி மில் ஒன்று இருந்தது. அந்தக் கட்டடத்தில்தான் கார்கள் அணிவகுத்தன. சரிசெய்ய ஒரு தனிப் பட்டாளமே வைத்தார் ஃபிரிட்ஸ். மெக்கானிக்குகள், தச்சர்கள், தோல் தைப்பவர்கள், பெயின்டர்கள். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

இந்த வேலையின் அருமை செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். துரு என்பது மேலே தெரிவதைவிடப் பல மடங்கு உள்ளே இருக்கும். பெயின்டைச் சுரண்டினால் தகடு கையோடு வரும். அந்தக் காலத்து பாடிக்குள் மரச்சட்டம் இருக்கும், அது உளுத்திருந்தால் முழுசாகப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து, நம்பர் போட்டு, தேய்மானம் அளந்து, கடையில் கிடைக்காததைக் கடைந்து எடுக்க வேண்டும். மாதங்கள் ஓடும். பணம் அதைவிட வேகமாக ஓடும்.

கார்கள் நானூறைத் தாண்டின. அதில் புகாட்டி மட்டும் நூற்றுக்கு மேல். சரளைக்கல் பாதைகள் போட்டு, பாரிஸ் நகரின் அலெக்சாண்டர் பாலத்து விளக்குகளைப் போலவே நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்கள் செய்து நிறுத்தினார்கள். ஆனால் வெளியில் யாருக்கும் காட்டவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

கதவு திறந்த நாள்

1970-களில் ஐரோப்பிய ஜவுளித் தொழில் தள்ளாட ஆரம்பித்தது. வெளிநாட்டு மலிவுச் சரக்கு, செயற்கை இழை, எண்ணெய் விலை ஏற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அடித்தன. ஷ்லும்ஃப் மில்களும் தப்பவில்லை. 1976-இல் ஆட்குறைப்பு, ஸ்டிரைக். கொதித்தெழுந்த தொழிலாளிகள் முதலாளிகளின் வீட்டை முற்றுகையிட்டார்கள். போலீஸ் வந்துதான் சகோதரர்களை வெளியே கொண்டுவர முடிந்தது. அவர்கள் நேராகப் போன இடம் எல்லைக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். சுவிஸ் குடிமக்கள் ஆயிற்றே! பிரான்சில் வழக்கும் வாரண்டும் வந்தன. திரும்பிவரவில்லை.

1977 மார்ச் 7. தொழிற்சங்கத்தார் முலூஸ் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். உள்ளே விளக்குகளும், பளபளக்கும் கார் வரிசைகளும்! இங்கேதான் நான் எப்போதும் நின்று யோசிப்பேன். பல வருடங்கள் அந்த மில்களில் நூல் நூற்றவர்கள். வேலை போய்விட்டது. மில் நஷ்டம் என்று சொன்ன முதலாளி, அந்த மில்களில் வந்த பணத்தில்தானே இதையெல்லாம் சேர்த்திருக்கிறார்! அந்த நிமிஷம் அவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

கோபத்தில் சரிசெய்யாத ஒரு பழைய ஆஸ்டின் செவனைக் கொளுத்தினார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற கார்களைக் காவல் காத்தார்கள். கட்டடத்துக்குத் தொழிலாளர் அருங்காட்சியகம் என்று பெயர் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டு வருடம் அவர்கள் கையில் இருந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து பார்த்தார்கள். ஃபிரிட்ஸ் பூட்டி வைத்திருந்ததை ஊருக்குக் காட்டியவர்கள் அவர் மில்லில் உழைத்தவர்கள்தான்.

கடன்காரர்களுக்காகக் கார்கள் சிதறி விற்கப்படாமல் இருக்க, பிரெஞ்சு அரசு 1978-இல் அந்தத் தொகுப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நகராட்சியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 1981-இல் 44 மில்லியன் பிராங்குக்கு வாங்கின. 1982-இல் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தது. ஷ்லும்ஃப் தொகுப்பு என்ற பெயரும் 1989-இல் அதோடு சேர்ந்தது. அதே வருடம் ஹான்ஸ் இறந்தார். ஃபிரிட்ஸ் 1992-இல் காலமானார். பாசலிலிருந்து முலூஸ் வெறும் முப்பது சொச்சம் கிலோமீட்டர். ஆயுள் முழுக்கச் சேர்த்த கார்கள் அவ்வளவு பக்கத்தில். ஆனால் அவை அவருடையவை அல்ல!

நமக்கு என்ன?

ஃபிரிட்ஸைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் வாங்கியிராவிட்டால் அந்தக் கார்களில் பல பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. சீந்துவாரற்றுக் கிடந்ததில் அழகைக் கண்ட கண் அவருடையது. அந்தக் கண்ணைக் குறை சொல்ல முடியாது. கார் தகட்டில் ஒரு புள்ளித் துரு விழுந்தாலும் பார்த்த அவர், தன் மில்லில் பிடித்த துருவைப் பார்க்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர்களையும் பார்க்கவில்லை. குற்றம் அங்கேதான்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் நாளைக்கு முதலாளி ஆவீர்கள். பலர் மேனேஜர் ஆவீர்கள். ஆசைப்படுங்கள், தப்பே இல்லை. பழைய காரோ, பழைய ரேடியோவோ, எதையாவது எடுத்து உயிர் கொடுங்கள். ஆனால் அதற்கான பணம் யார் கூலியிலிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. செய்து முடித்ததைப் பூட்டி வைக்காதீர்கள், நாலு பேருக்குக் காட்டுங்கள்.

நம் நண்பர் எம்.ஜி.யை வாங்கிவிட்டார். சொந்தச் சம்பளம், சொந்தக் கொட்டகை, சொந்த முதுகுவலி! வீட்டம்மாவின் அனுமதியும் எழுத்தில் இல்லாவிட்டாலும் வாய்மொழியாகக் கிடைத்துவிட்டதாம். அடுத்த சந்திப்புக்குள் எஞ்சின் ஒரு உறுமலாவது உறுமும் என்கிறார். உறுமினால் ஒரு ரவுண்டு நமக்கெல்லாம் உண்டு.