தீபாவளியும் தீட்சிதரும்

தீபாவளித் திருநாள் என்றாலே புத்தாடையும் பட்டாசும் பலகாரமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகத் தீபாவளி கிடையாது. வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்துவந்த என் தாத்தா ஒரு தீபாவளியன்று விடியற்காலையில் காலமானார். பண்டிகை நாளில் சாவு விழுந்த வீட்டில் அந்தப் பண்டிகையை நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஊரெல்லாம் வெடி வெடிக்கும் நாளில் எங்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும்.

அதே தீபாவளி நாளில்தான் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரும் மறைந்தார் என்பதும், மறைந்த இடம் நமக்கு அருகிலுள்ள எட்டயபுரம் என்பதும் சென்ற ஆண்டுதான் எனக்குத் தெரிந்தன. அவர் முத்துசாமி தீட்சிதர். அன்று முதல் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்து வருகிறேன். படித்தவற்றில் சிலவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தீட்சிதர் 1775-ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தியாகராஜரும் சியாமா சாஸ்திரிகளும் பிறந்த ஊரும் அதுவே. தந்தையார் ராமசாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கிய மேதை. கச்சேரி மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் 'வாதாபி கணபதிம்' மகன் தந்தையின் ராகத்தில் அமைத்த கீர்த்தனையாகும்.

பின்னர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலிக்குச் சென்று, அங்கிருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. அங்கே ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்குக் கிட்டியது. தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்று, அந்த அயல்நாட்டுக் கருவியை நம் இசைக்குப் பழக்கினார். அண்ணனோ அந்த மெட்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சமஸ்கிருதப் பாடல்களை இயற்றினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்பர். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டுகூட அவர் கையில் ஒரு பக்திப் பாடலாயிற்று. நல்ல இசை எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் உள்ளம் அவருக்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இளமையில் சிதம்பரநாத யோகி என்னும் துறவியோடு காசிக்குச் சென்று, சில ஆண்டுகள் அங்கே தங்கி வடநாட்டு இசையையும் கேட்டறிந்தார். திரும்பி வந்தபின் திருத்தணியில் முதல் கீர்த்தனையைப் பாடினார். அது முதல் 'குருகுக' என்பது அவர் முத்திரையாயிற்று. அதன்பின் காஞ்சி, திருவாரூர், தஞ்சை, மதுரை என்று கோயில் கோயிலாகச் சென்று பாடினார். நம் நெல்லையப்பர் கோயில் காந்திமதி அம்மன் மேலும் அவர் கீர்த்தனை உண்டு. ஐப்பசித் திருக்கல்யாணக் கச்சேரி ஒன்றில் அதைக் கேட்டுவிட்டு, பாடியவர் யார் என்று பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்ததுதான் என் தேடலின் தொடக்கம்.

தீட்சிதர் தம் வித்தையை ஒரு வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. தஞ்சை நால்வர் எனப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவர் மாணாக்கர்களே. திருவாரூர்க் கோயிலின் மத்தளக் கலைஞர் தம்பியப்பனும், நாட்டியக் கலைஞர் கமலமும் அவரிடம் கற்றனர்.

தம்பி பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவானானதால் தீட்சிதரும் இங்கே வந்தார். வரும் வழியில் வறண்ட கரிசல் நிலத்தைக் கண்டு மனம் வருந்தி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கதை வழங்குகிறது. பாட்டால் மழை வருமா என்பது வேறு விஷயம். எட்டயபுரத்துக் கரிசல் மண்ணைக் கண்டவர்களுக்கு அக்கதையில் இருக்கும் ஏக்கம் புரியும்.

1835-ம் ஆண்டு அக்டோபர் 21, புதன்கிழமை. நரக சதுர்த்தசி. பூசை முடிந்தபின் சீடர்கள் மதுரை மீனாட்சி மேல் அவர் இயற்றிய பூர்விகல்யாணிக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்க, அதைக் கேட்டபடியே தீட்சிதரின் உயிர் பிரிந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த மாதத்தில்தான் ஹாலியின் வால்நட்சத்திரம் பூமிக்கு அருகே வந்து வானில் தெரிந்தது. கிரகங்களின் மேல் கீர்த்தனை பாடியவர் மறைந்த மாதத்தில் வானமும் அப்படி ஒரு காட்சியைக் கொண்டிருந்தது வியப்பே.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு சிறு கணக்கையும் சொல்ல விரும்புகிறேன். தீபாவளி ஆண்டுதோறும் தேதி மாறி வருகிறது. ஆனால் 235 சந்திர மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் சுமார் 2 மணி நேரமே. ஆகவே 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை திதியும் தேதியும் பெரும்பாலும் ஒன்றுசேரும். 1835-க்குப் பின் ஒன்பதாவது சுற்றான 2006-ல் தீபாவளி மீண்டும் அதே அக்டோபர் 21-ல் வந்தது. பத்தாவது சுற்றான 2025-ல் ஒரு நாள் முந்தி 20-ல் வந்தது.

நாள் திரும்பி வரும். பாட்டு திரும்பி வருமா? தீட்சிதர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1839-ல் பிறந்தவர் சுப்பராம தீட்சிதர். பாலுசாமியின் மகள் வழிப் பேரனான இவரைப் பாலுசாமியே தத்தெடுத்து வளர்த்தார். பெரிய தீட்சிதரை இவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் குடும்பத்தில் காதால் கேட்டுக் கற்ற கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்புகளுடன் எழுதினார். எழுதத் தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறித்தவர். செலவை ஏற்றது எட்டயபுரம் சமஸ்தானம். எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தில் 1904-ல் தெலுங்கு எழுத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் அப்பெருநூலில் தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் உள்ளன. பின்னர் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழிலும் வெளியிட்டது. 1906-ல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது அவ்வூரில் பிறந்த பாரதியார் இரங்கற்பா பாடினார். அவர் எழுதிவைக்காவிட்டால் எத்தனை கீர்த்தனைகள் காற்றோடு போயிருக்குமோ!

சென்ற தீபாவளியன்று கயத்தாறு, கோவில்பட்டி வழியாக எட்டயபுரம் போனேன். தீட்சிதர் சமாதியில் சிலர் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவர் முகத்திலும் துக்கம் இல்லை. மறைந்த நாளை அவர் பாட்டாலேயே நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் வீடு திரும்பி ஆச்சியிடம் இதைச் சொன்னேன். ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தாத்தா கொடைக்குப் போய்வந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். முத்துப்பட்டன் கதையில் எந்த இடத்தில் குடத்தின் அடி மாறும் என்று வெறும் தரையில் கையால் தட்டிக் காட்டினார்கள். அத்தனையும் ஆச்சிக்கு நினைவிருந்தது. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆச்சிக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அதை எழுதக்கூடியவன் நான் ஒருவனே.

அன்றிரவே இயற்பியல் செய்முறை நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். இப்போது அதற்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். அறுபது பக்கம் ஆகியிருக்கிறது. எங்கள் வீட்டில் இன்னும் பலகாரம் சுடவில்லை, வெடி வெடிக்கவில்லை. ஆனால் வருகிற தீபாவளியன்று கதவைச் சாத்த வேண்டாம் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த ஒரு ஆச்சியோ தாத்தாவோ இருக்கலாம். இந்த விடுமுறையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.