டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

தென்னாட்டில் புற்றுநோய் மருத்துவத்திற்கு வித்திட்டவர் யாவரென வினவின், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரே முதற்கண் நினைவுக்கு வரும். அவர்தம் வரலாறு மாணவர் அறிந்து போற்றற்குரியது.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண்கள் உயர்தரக் கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், ஆடவர் பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் துணிந்து சேர்ந்தார். பின்னர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்து, 1912-இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார்.

1923-ஆம் ஆண்டில் அவர்தம் அருமைத் தங்கையார் மலக்குடலிற் புற்றுநோய் கண்டு மாண்டனர். அந்நோயை முதலிற் சீதபேதியென்றே மருத்துவர் கருதினர். உண்மை விளங்கியபொழுது காலம் கடந்துவிட்டது. மருத்துவங் கற்றும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாத துயரம் அம்மையார் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. எனினும் அவர் அழுது அமைந்தாரல்லர். அத்துயரையே ஒரு தொண்டாக மாற்றினார்.

இடையே நாட்டுப்பணிகள் பல அவரை அழைத்தன. சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்கென ஒளவை இல்லத்தை நிறுவினார். ஆயினும் தங்கையின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டுமென்னும் எண்ணத்தை வெளியிட்டார். அந்நோய் கண்டவர் இறப்பது திண்ணமாதலின் அவர்க்கு மருத்துவமனை எதற்கென்று கருதியோர் பலர். நோயினை முன்னரே அறியின் உயிரைக் காக்கலாம் என்பதே அம்மையாரின் துணிபு. வீடுதோறும் பொருள் திரட்டப்பட்டது. 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர்.

1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அடுத்த பிப்ரவரி 3-ஆம் நாள், காஞ்சிபுரத்தின் தவப்புதல்வரும் முதலமைச்சருமான அறிஞர் அண்ணா, நியூயார்க் சென்று அறுவை மருத்துவம் செய்துகொண்டும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இரையானார். நாடாள்வோரையும் விடாத அந்நோயை எதிர்க்க, காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் அவர் பெயரால் அரசினர் மருத்துவமனை எழுந்தது. கூரம் முதலிய சுற்றூர் மக்களுக்கு அஃது அணித்தேயுள்ளது.

அம்மையாரின் எண்ணம் இன்று புதிய வழிகளில் தொடர்கின்றது. நுரையீரற் புற்றுநோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. இருமல் வரினும் அதனைக் காசநோயென மயங்குதல் உண்டு. மனிதன் விடும் மூச்சில் நூற்றுக்கணக்கான நுண்பொருள்கள் ஆவியாய்க் கலந்துள்ளன. 1971-இல் லைனஸ் பாலிங் என்னும் அறிஞர் ஏறத்தாழ 250 பொருள்களை அதிற் கண்டார். புற்றுற்ற அணுக்களின் இயக்கம் மாறுபடுதலால், அவ்வாவிகளின் அளவும் மாறுகின்றது. மூச்சைப் பையிலோ குழாயிலோ சேர்த்து, கருவியாற் பகுத்து, அம்மாறுதலைக் காண ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். கத்தியும் ஊசியும் வேண்டா, ஊதினாற் போதும். ஆனால் உணவு, புகைபிடித்தல், பிற நோய்கள் ஆகியவையும் மூச்சை வேறுபடுத்துமாதலின், இம்முறை இன்னும் ஆராய்ச்சி நிலையைக் கடந்து பொதுவழக்கிற்கு வரவில்லை. குறைந்த கதிரளவுள்ள ஸி.டி. படமே இப்பொழுது தக்க சான்றுடைய முன்னறி முறையாகும்.

கருவிகள் மாறலாம், காலந் தாழ்த்தலாகாது என்னும் அறிவுரை மாறாது. நீங்காத இருமலையோ ஆறாத புண்ணையோ வீட்டார் எவரிடத்துக் காணினும், நாளை பார்ப்போம் என்று வாளா இராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் மாணவராகிய நம் கடமை. தங்கையை இழந்த அம்மையார் பிறர் தங்கையரைக் காக்க முப்பதாண்டு உழைத்தார். அவர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே.