மூணே பந்துக்கு எதுக்கு ஹெல்மெட்? ராமன் லம்பாவின் உயிரைப் பறித்த ஓவரும், 25 ஆண்டுகள் கழித்து வந்த விதியும்!

ஓவர் முடிய மூன்றே பந்துகள்தான் பாக்கி. ஹெல்மெட் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கேட்டார் கேப்டன். மூணு பந்துதானே, தேவையில்லை என்று மறுத்துவிட்டு, பேட்ஸ்மேனுக்கு முன்னால் மிக அருகில் போய் நின்றார் ராமன் லம்பா. அதுதான் அவர் கிரிக்கெட் மைதானத்தில் எடுத்த கடைசி முடிவு.

இன்றைக்கு ஒரு சர்வதேசப் போட்டியில் அந்த இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் நிற்க முடியாது. அது கட்டாய விதி. ஆனா, லம்பா இறந்து 25 வருஷம் கழிச்சுதான் அந்த விதியே வந்தது. யார் இந்த லம்பா? அன்று டாக்காவில் என்ன நடந்தது? வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த ராமன் லம்பா?

1960-ம் ஆண்டு ஜனவரி 2-ம் தேதி உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில் பிறந்தவர் லம்பா. உள்ளூர் கிரிக்கெட் ஆடியது டெல்லி அணிக்காக. வலது கை தொடக்க ஆட்டக்காரர். உடற்பயிற்சியில் கெட்டி, ஃபீல்டிங்கில் புலி என்று பெயர் எடுத்தவர்.

1986-ல் ஆஸ்திரேலிய அணி இந்தியாவுக்கு வந்தபோது அவருக்குக் கதவு திறந்தது. ஜெய்ப்பூரில் நடந்த முதல் ஒருநாள் போட்டியில் அறிமுகம். நம்ம ஊர் ஸ்ரீகாந்துடன் தொடக்க வீரராகக் களமிறங்கினார். ஸ்ரீகாந்த் சதம் அடிக்க, லம்பா 64 ரன்கள் எடுத்தார். இந்தியா வென்றது. அதே தொடரில் ராஜ்கோட்டில் 102 ரன்கள். அறிமுகத் தொடரிலேயே தொடர் நாயகன் விருதும் அவருக்குத்தான்.

ஆனால் அந்த வேகம் நீடிக்கவில்லை. மொத்தம் 32 ஒருநாள் போட்டிகளில் 783 ரன்கள், 4 டெஸ்ட்களில் 102 ரன்கள். சர்வதேசக் கணக்கு அவ்வளவுதான்.

காலில் அடி... கைநழுவிய டெஸ்ட்

1989 நவம்பர், பாகிஸ்தான் சுற்றுப்பயணம். கராச்சி டெஸ்டில் லம்பா ஆட வேண்டியது. ஆனால் கால்விரல் காயத்தால் கடைசி நேரத்தில் விலக வேண்டியதாகிவிட்டது. அவருக்குப் பதிலாக உள்ளே வந்தவர், அணியில் இடம் இழக்கும் நிலையில் இருந்த முகமது அசாருதீன். அந்த டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 5 கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார் அசார். அடுத்த டெஸ்டில் சதமும் அடித்தார். சீக்கிரமே இந்திய அணியின் கேப்டனும் ஆனார்.

சச்சின் டெண்டுல்கர் அறிமுகமானதும் அதே கராச்சி டெஸ்ட்தான். லம்பாவுக்கோ அதன் பிறகு டெஸ்ட் வாய்ப்பு வரவே இல்லை.

உள்ளூரில் ரன் மழை

சர்வதேச அளவில் கிடைக்காததை உள்ளூரில் வட்டியோடு எடுத்தார் லம்பா. 1987-88 துலீப் டிராபி இறுதிப் போட்டியில் மேற்கு மண்டலத்துக்கு எதிராக 320 ரன்கள். 1994-95 ரஞ்சி சீசனில் இமாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 312 ரன்கள். அந்த ஆட்டத்தில் ரவி சேகலுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு எடுத்தது மட்டும் 464 ரன்கள். முதல்தர கிரிக்கெட்டில் 121 போட்டிகள், 31 சதங்கள், 8,776 ரன்கள், சராசரி 53-க்கு மேல்.

அவர் வாழ்க்கையில் இன்னொரு திகில் சம்பவமும் உண்டு. 1991 ஜனவரியில் ஜாம்ஷெட்பூரில் நடந்த துலீப் டிராபி இறுதிப் போட்டியில், மேற்கு மண்டல வேகப்பந்து வீச்சாளர் ரஷீத் படேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு லம்பாவை அடிக்கப் பாய்ந்தார். அந்த மோதலுக்காக படேலுக்கு 13 மாதமும் லம்பாவுக்கு 10 மாதமும் தடை விதிக்கப்பட்டது. அன்று அவர் பெரிய காயம் இல்லாமல் தப்பினார்.

டாக்காவுக்கு ஏன் போனார்?

அப்போது ஐ.பி.எல். கிடையாது. உள்ளூர் வீரர்களுக்குக் கோடிகளும் கிடையாது. இந்தியாவில் சீசன் இல்லாத மாதங்களில் வட அயர்லாந்து கிளப்களுக்காக ஆடினார் லம்பா. அயர்லாந்துப் பெண்ணைக் காதலித்துத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு குழந்தைகள்.

இன்னொரு பக்கம் டாக்கா லீக். வங்கதேசத்துக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்து கிடைக்கவில்லை. ஆனால் அங்கே கிளப் கிரிக்கெட் என்றால் திருவிழா மாதிரி கூட்டம் கூடும். அபஹானி - முகமதன் ஸ்போர்ட்டிங் என்றால் ஊரே ரெண்டாகப் பிரிந்துவிடும். லம்பா ஆடியது அபஹானிக்கு. அந்த ஊர் ரசிகர்களுக்கு அவர் வெளிநாட்டுக்காரராகத் தெரியவில்லை, வீட்டுப் பிள்ளையாகவே தெரிந்தார்.

1998 பிப்ரவரி 20: நடந்தது என்ன?

டாக்காவின் தேசிய மைதானம். அபஹானி - முகமதன் மோதல். இடது கை சுழற்பந்து வீச்சாளர் சைஃபுல்லா கான் ஓவர் வீசிக்கொண்டிருந்தார். ஓவரின் நடுவே லம்பாவை ஃபார்வர்ட் ஷார்ட் லெக் இடத்துக்கு அழைத்தார் கேப்டனும் விக்கெட் கீப்பருமான காலித் மசூத்.

ஷார்ட் லெக் என்பது பேட்ஸ்மேனில் இருந்து சில அடி தூரம்தான். பந்து அடிக்கப்பட்ட பிறகு யோசிக்கவோ, குனியவோ நேரமே இருக்காது. அதனால்தான் ஹெல்மெட் வேண்டுமா என்று மசூத் கேட்டார். வேண்டாம் என்றார் லம்பா.

பந்து குட்டையாக விழுந்தது. பேட்ஸ்மேன் மெஹ்ராப் ஹொசைன் ஓங்கி அடித்தார். பந்து லம்பாவின் நெற்றியில் பலமாக மோதி, அதே வேகத்தில் கீப்பர் பக்கம் பறந்தது. பின்னால் ஓடி அதைப் பிடித்தார் மசூத். பேட்ஸ்மேன் அவுட். சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், லம்பா தரையில் கிடந்தார்.

அப்புறம் எழுந்தார். தன் காலிலேயே நடந்து ஓய்வறைக்குப் போனார். பெரிசா ஒண்ணும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் நிலைமை மோசமாகி, நினைவிழந்தார். மருத்துவமனையில் மூளையில் இருந்த ரத்தக்கட்டியை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. கண் திறக்கவே இல்லை. பிப்ரவரி 23-ம் தேதி உயிர் பிரிந்தது. வயது 38.

டாக்கா உறைந்துபோனது. டெல்லியும் அயர்லாந்தும் சேர்ந்து அழுதன. அந்த ஷாட்டை அடித்த மெஹ்ராப், அடுத்த ஆண்டே வங்கதேசத்தின் முதல் ஒருநாள் சதத்தை அடித்தார். அதுவும் அதே மைதானத்தில்தான். ஆடியது ஒரு சாதாரண ஷாட். அதில் யாருடைய தப்பும் இல்லை.

அடிபட்டவர் எழுந்து நடந்தது எப்படி?

தலையில் அடிபட்டால் சிலருக்கு ரத்தக்கசிவு மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். மண்டையோட்டுக்குள் ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தும்வரை அவர் பேசுவார், நடப்பார், நல்லாத்தான் இருக்கேன் என்பார். அழுத்தம் கூடியதும் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சரசரவென நிலைமை மாறும். அதனால்தான் தலையில் பலத்த அடி வாங்கியவர் என்ன சொன்னாலும், டாக்டர் பார்க்கும்வரை தனியாக விடக் கூடாது.

விசித்திரமான கேட்ச்

அந்த கேட்ச்சில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அன்றைய விதிப்படி, ஃபீல்டர் அணிந்திருக்கும் ஹெல்மெட்டில் பட்டு வரும் பந்தைப் பிடித்தால் அது அவுட் கிடையாது. வெறும் தலையில் பட்டு வந்தால் அவுட். அதாவது, ஹெல்மெட் போட்டவருக்கு ஆட்டத்தில் நஷ்டம்! 2017-ல் விதிகள் திருத்தப்பட்டபோதுதான் ஹெல்மெட்டில் பட்டு வரும் கேட்ச்சும் செல்லும் என்று ஆனது.

அவருக்கு முன்பும் பின்பும்

கிரிக்கெட் பந்து உயிரைப் பறித்தது அதுதான் முதல் முறையா? இல்லை. 1959-ல் கராச்சியில் இளம் விக்கெட் கீப்பர் அப்துல் அஜீஸ், பேட்டிங்கின்போது நெஞ்சில் பந்து பட்டு இறந்தார். 1962-ல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்தில் இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு மண்டை உடைந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை.

2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய வீரர் ஃபிலிப் ஹியூஸ். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். பந்து பட்டதோ ஹெல்மெட் மறைக்காத கழுத்துப் பகுதியில். 26-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது மரணம். அந்தச் செய்தி உலகத்தையே உலுக்கியது. பல நாடுகளில் வீட்டு வாசல்களில் பேட்டைச் சாய்த்து வைத்து மக்கள் அஞ்சலி செலுத்தினார்கள்.

விதிகள் எப்போது மாறின?

ஹியூஸ் மரணத்துக்குப் பிறகுதான் வேலைகள் வேகமெடுத்தன. 2019 ஆகஸ்ட்டில் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக மாற்று வீரர் ஆடலாம் என்று ஐ.சி.சி. அனுமதித்தது. அதே மாதம் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சர் பந்தில் அடிபட்டார் ஸ்டீவ் ஸ்மித். அன்றே திரும்பி வந்து பேட்டிங்கும் செய்தார். ஆனால் மறுநாள் பாதிப்பு தெரியவர, அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். எழுந்து நடப்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

2023 ஜூன் 1 முதல் ஐ.சி.சி. மூன்று இடங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது:

1. வேகப்பந்தை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேன்

2. ஸ்டம்புக்குப் பக்கத்தில் நிற்கும் விக்கெட் கீப்பர்

3. பேட்ஸ்மேனுக்கு முன்னால், மிக அருகில் நிற்கும் ஃபீல்டர்

மூன்றாவது இடம், லம்பா நின்ற இடம். அந்த விதி அமலுக்கு வந்த அன்று லார்ட்ஸில் தொடங்கிய டெஸ்டில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய அணி, அவர் மனைவியின் நாடான அயர்லாந்து!

இனி என்ன?

விதி வந்தாலும் அது சர்வதேசப் போட்டிகளுக்குத்தான். கிளப் ஆட்டங்களிலும் வலைப்பயிற்சியிலும் பாதுகாப்பு இன்னும் அந்தந்த இடத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. 2025 அக்டோபரில் மெல்போர்னில் வலைப்பயிற்சியில் இருந்த 17 வயதுச் சிறுவன் பந்து பட்டு இறந்தான். ஹெல்மெட் இருந்தது, கழுத்துப் பாதுகாப்பு இல்லை.

லம்பா அனுபவம் இல்லாதவர் அல்ல. அன்று மைதானத்தில் இருந்தவர்களில் அதிகம் ஆடியவர்களில் ஒருவர். பயம் தெரியாத அந்த அனுபவம்தான் மூணு பந்துதானே என்று சொல்ல வைத்தது. ஹெல்மெட்டை எடுத்து வர ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த முறை யாராவது இப்படிச் சொன்னால், அவருடைய தைரியத்தைப் பாராட்ட வேண்டாம். ஹெல்மெட் வரும்வரை பந்தை வீசாமல் நின்றாலே போதும்.