பெயரைத் துறந்த பில் வில்சன்

பொருளாதார வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், 1929-ஆம் ஆண்டின் வால் ஸ்ட்ரீட் சரிவைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தச் சரிவில் நொடித்துப்போனவர்களுள் ஒருவரைப் பொருளியல் பாடநூல்கள் குறிப்பிடுவதில்லை. அவர்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிநோயாளர் தோழமையை உருவாக்கிய பில் வில்சன்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்னும் சிற்றூரில் 1895 நவம்பர் 26-இல் அவர் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட, தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். முதல் உலகப் போரில் இளம் ராணுவ அதிகாரியாக இருந்தபோது மது அறிமுகமாயிற்று. கூச்ச சுபாவம் கொண்ட அவருக்கு அது துணிவு தந்தது. பிறகு அவரை விடவில்லை.

1918-இல் லோயிஸ் பர்ன்ஹாமை மணந்தார். 1925-இல் இருவரும் பக்கப்பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, தொழிற்சாலைகளை நேரில் பார்த்து, முதலீட்டாளர்களுக்கு அறிக்கை அனுப்பினர். வதந்தியை நம்பிப் பங்கு வாங்கிய காலம் அது. இன்றைய பங்கு ஆய்வாளர்களின் முன்னோடி என்று அவரைத் தயங்காமல் சொல்வேன்.

இங்கே நம் மதுவிலக்கு விவாதத்துக்கு வேண்டிய ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு நடப்பில் இருந்தது. வில்சன் முழுக் குடிநோயாளியானது அந்த ஆண்டுகளில்தான். அவர் குடியை விட்டதோ, மதுவிலக்கு நீங்கி ஓராண்டு கழிந்த பிறகு. கடையைத் திறப்பதா மூடுவதா என்று நாம் வாதிடுகிறோம். ஏற்கெனவே நோயாளியாகிவிட்டவர் அந்த வாதத்தின் இரு தரப்பிலும் இடம்பெறுவதில்லை.

நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் அவர் பலமுறை சேர்க்கப்பட்டார். இது ஒழுக்கக் கேடு அன்று, நோய் என்று அங்கே டாக்டர் சில்க்வொர்த் விளக்கினார். ஆனால், அந்த அறிவு மட்டும் போதவில்லை. 1934 நவம்பரில் பழைய குடித்தோழர் எபி தாச்சர், குடியை விட்டவராக அவர் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் மீண்டும் மருத்துவமனை சென்ற வில்சன், ஆன்மிக அனுபவம் ஒன்றுக்கு ஆட்பட்டார். அதன்பின் இறக்கும்வரை மதுவைத் தொடவில்லை.

1935 மே மாதம். ஒஹையோவின் ஏக்ரன் நகரில் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றும் முயற்சி தோற்றது. கையில் சொற்பப் பணம். விடுதியின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம். மறுபுறம் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். தன்னைக் காத்துக்கொள்ளத் தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று உணர்ந்த அவர், பாதிரியார் ஒருவரை அழைத்தார். அந்த அழைப்பின் தொடர்ச்சியாக மறுநாள், மே 12 அன்று, அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்த மருத்துவர், இரவு வெகுநேரம்வரை எழுந்திருக்கவில்லை. வில்சன் உபதேசிக்காமல் தன் கதையைச் சொன்னதே அதற்குக் காரணம். டாக்டர் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10-ஐ அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டது.

பொருளியலாளனாக என்னை வியக்கவைப்பது இதன் கணக்கு வழக்கு. பயனைப் பெற்றுக்கொண்டு பங்களிக்காமல் போகிறவர்களால் பொதுநல அமைப்புகள் நலிவதுண்டு. இங்கே உதவுகிறவருக்கு உதவுவதே மருந்து. ஆகவே புதிதாக வருபவர் சுமையாவதில்லை. மருத்துவமனை தர முன்வந்த சம்பளப் பணியை, சக உறுப்பினர்களின் எதிர்ப்பை ஏற்று வில்சன் மறுத்தார். அப்போது லோயிஸின் கடை வேலை ஊதியத்தில்தான் குடும்பம் நடந்தது! பெரும் நிதியை எதிர்பார்த்து அணுகியபோது ராக்ஃபெல்லர் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். பணம் இவர்களைக் கெடுத்துவிடும் என்பது அவர் அச்சம். 1939-இல் இயக்கத்தின் அடிப்படை நூல் வெளிவந்தது; அதே ஆண்டு வில்சன் தம்பதி வீட்டையும் இழந்தனர். 1941-இல் ஒரு வார இதழ்க் கட்டுரைக்குப் பின் உறுப்பினர் எண்ணிக்கை ஓராண்டுக்குள் சுமார் 2,000-லிருந்து 8,000 ஆயிற்று.

1950-இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகள் வெளியார் நன்கொடையைத் தடுத்தன. பொது விவாதங்களில் கருத்துக் கூறுவதையும் விலக்கின. யேல் பல்கலைக்கழகம் அளிக்க வந்த கௌரவ முனைவர் பட்டத்தை, பெயர் வெளியிடாக் கொள்கைக்காக வில்சன் ஏற்கவில்லை. முனைவர் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த என்னைப் போன்றவர்களுக்கு இது எளிதில் விளங்காது.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் மனச்சோர்வால் துன்புற்றார். புகைப்பழக்கத்தை விட முடியாமல், நுரையீரல் நோயால் நலிந்து 1971 ஜனவரி 24-இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய கூட்டங்கள் தமிழகத்திலும் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். ஆனால், நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரை முதலில் பார்ப்பது அவசியம். வில்சனும் மருத்துவமனை வழியாகவே மீண்டார்.

கணவர் மீண்ட பின்னும் குடும்பத்தின் காயம் ஆறுவதில்லை என்று கண்ட லோயிஸ், 1951-இல் குடிநோயாளர்களின் உறவினருக்காக அல்-அனான் அமைப்பை உருவாக்கினார். கணவருக்குப் பின் 17 ஆண்டுகள் வாழ்ந்து, 1988-இல் மறைந்தார். ஈஸ்ட் டார்செட்டில் கணவரின் அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.