சராசரி 25-க்குள் அடங்காத சி.கே. நாயுடு



நம் கேன்டீனில் கிரிக்கெட் பேச்சு வந்தால் சண்டை நிச்சயம். யார் பெரிய அடிகாரர் என்று ஆளுக்கு ஒரு பேரைச் சொல்வோம். டீ ஆறிப்போகும். கடைசியில் யாராவது செல்போனைத் தட்டி பேட்டிங் சராசரியைக் காட்டுவார்கள். அத்தோடு சண்டை ஓய்ந்துவிடும். அந்த ஒரே அளவுகோலை நம்பினால் நாம் மறந்தே போகக்கூடிய ஒரு மாமனிதரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர்தான் இந்திய டெஸ்ட் அணியின் முதல் கேப்டன், கர்னல் சி.கே. நாயுடு.

முதலில் ரெக்கார்டைப் பார்த்துவிடுவோம். நாயுடு ஆடிய டெஸ்ட் 7. எடுத்த ரன் 350. சராசரி சரியாக 25. அதிகபட்சம் 81. ஒரு சதம்கூட இல்லை. அதே காலத்தில் ஆடிய விஜய் மெர்ச்சன்ட் 10 டெஸ்டில் 859 ரன், சராசரி 47.72. அப்படியானால் நாயுடு மெர்ச்சன்ட்டில் பாதிதானா? கால்குலேட்டர் ஆமாம் என்கிறது. ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லீங்க!

கொட்டாரி கனகய்யா நாயுடு 1895 அக்டோபர் 31-ல் நாக்பூரில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். நெடுநெடுவென்று உயரம், நிமிர்ந்த நடை. 1916-ல் பம்பாய் நாற்கோணப் போட்டியில் ஐரோப்பியர் அணிக்கு எதிராக இந்துக்கள் அணிக்கு ஆட வந்தார். ஏழு விக்கெட் போன நேரம். புதுப் பையன் தட்டித் தடவி ஆடுவான் என்றுதானே நினைப்பார்கள்? அவர் முதல் ரன்னையே சிக்ஸராக எடுத்தார்! 1923-ல் இந்தூர் ஹோல்கர் மன்னர் அவரை அழைத்துத் தன் படையில் பதவி கொடுத்தார். கர்னல் என்ற பெயர் வந்தது அப்படித்தான். நம் சேப்பாக்கத்துக்கும் அவர் அந்நியர் அல்ல. 1920-களில் பொங்கல் சமயத்தில் நடந்த இந்தியர் - ஐரோப்பியர் மாகாண மேட்ச்களில் இந்தியர் பக்கம் ஆடியிருக்கிறார்.

இனி அவர் வாழ்க்கையின் முக்கியமான நாள். 1926 டிசம்பர் 1, பம்பாய் ஜிம்கானா மைதானம். ஆர்தர் கில்லிகன் தலைமையில் வந்த எம்.சி.சி. அணி 363 ரன் குவித்திருந்தது. அவர்களில் கை ஏர்ல் என்பவர் 8 சிக்ஸர் அடித்து 130 எடுத்தார். மறுநாள் நாயுடு இறங்கினார். இரண்டு மணி நேரத்துக்குள் 153 ரன், அதில் சிக்ஸர் மட்டும் 11! அதாவது 66 ரன் கயிற்றைத் தாண்டிப் பறந்தே வந்தது. செய்தி பரவி, ஆபீஸை விட்டு வந்தவர்கள் சுற்றியிருந்த கூரைகளிலும் மரங்களிலும் ஏறி நின்று பார்த்தார்களாம். எம்.சி.சி.க்காரர்களே அவருக்கு வெள்ளி பேட் பரிசளித்தார்கள். இந்தியாவில் இப்படி ஆட ஆள் இருக்கிறது என்று கில்லிகனுக்குப் புரிந்தது. அவர் கொடுத்த ஊக்கத்தில் 1928-ல் கிரிக்கெட் வாரியம் உருவானது. 1932-ல் நமக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது.

கவனியுங்கள் நண்பர்களே. நமக்கு டெஸ்ட் வருவதற்கே ஒரு காரணமாக இருந்த அந்த 153, அவருடைய டெஸ்ட் கணக்கில் இல்லை! 1932 ஜூன் 25-ல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆட இறங்கியபோது அவருக்கு வயது 36. அடிகாரனுக்குக் கண்ணும் கையும் துடிப்பாக இருக்கும் வயதெல்லாம் டெஸ்ட் இல்லாமலேயே கழிந்துவிட்டது. அந்த மேட்சில் ஃபீல்டிங்கில் கையில் அடிபட்டும் முதல் இன்னிங்ஸில் இந்தியாவின் அதிக ஸ்கோர் அவருடைய 40-தான். அந்த டூர் முழுக்க 32 சிக்ஸர் அடித்தார். பர்மிங்ஹாமில் ஒரு அடி மைதானத்தை ஒட்டிய ஆற்றைத் தாண்டிப் பக்கத்து கவுண்டியில் போய் விழுந்தது என்று இன்றும் கதை சொல்வார்கள்.

ஆறு என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து மணலில்தான் எங்கள் மேட்ச். பந்து தண்ணியில போச்சுன்னா அவுட். பந்துக்குக் காசு யார் குடுக்கிறது? அதனால் தூக்கி அடிக்கிற பையனுக்கு எங்கள் நோட்டில் மதிப்பே கிடையாது. அதே பையனைத் திருவொற்றியூர்ப் பக்கம் பெரிய கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஒண்டியாக மேட்சை ஜெயித்துத் தருவான். ஆள் ஒருத்தன்தான், கணக்குதான் வேறு.

அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அங்கேயும் ஒரு சராசரி உண்டு: பத்து முறை பேட் பிடித்து மூன்று முறை சரியாக அடித்தால் 0.300. ஆனால் அந்த மூன்றும் ஒரு தளம் ஓடிய சின்ன அடியா, மைதானத்துக்கு வெளியே போன ஹோம் ரன்னா? சராசரி அதைச் சொல்லாது. அதனால் அடிக்கு எத்தனை தளம் என்று கூட்டி வகுக்கும் இன்னொரு கணக்கை வைத்தார்கள். மூன்று சின்ன அடி என்றால் 0.300. மூன்று ஹோம் ரன் என்றால் ஒன்றுக்கு நான்கு தளம், ஆகவே 1.200! டை காப் என்பவரின் சராசரி 0.36-க்கும் மேல், பேப் ரூத்தின் சராசரி 0.342. ஆனால் தளக் கணக்கில் காப் 0.512, ரூத் 0.690. ரூத் அடித்த ஹோம் ரன் 714.

அந்த 0.690 நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. 2024-ல்தான் கறுப்பினத்தவர் லீக்குகளின் ரெக்கார்டையும் பெரிய லீக் கணக்கோடு சேர்த்தார்கள். உடனே ஜோஷ் கிப்சன் 0.718-உடன் மேலே வந்துவிட்டார். நிறத்தின் காரணமாகப் பெரிய லீக்கில் ஒரு நாள்கூட ஆட விடப்படாதவர் அவர். 1947-ல் 35 வயதிலேயே இறந்துபோனவர். அவர் அடித்த அடி மாறவில்லை. எண்ணும் நோட்டுதான் மாறியது.

நாயுடுவுக்கும் நோட்டை முழுசாகப் புரட்டுங்கள். முதல்தர ஆட்டத்தில் 207 மேட்ச், 11,825 ரன், 26 சதம், கூடவே 411 விக்கெட். அங்கேயும் சராசரி 35.94-தான், மெர்ச்சன்ட்டின் 71.64 எங்கே, இது எங்கே! மெர்ச்சன்ட்டின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. நின்று கட்டுவது ஒரு திறமை. எதிராளியின் தைரியத்தையே உடைப்பது வேறு திறமை. இரண்டையும் ஒரே ஸ்கேலில் அளக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவர் கேப்டனாக இருந்து ஹோல்கர் அணி நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. ஐம்பது தாண்டிய வயதில் தத்து பட்கர் வீசிய பந்து வாயில் பட்டுப் பல் உடைந்தும் வெளியே போகாமல் ஆடினார். 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1956-57 சீசனில் உத்தரப் பிரதேசத்துக்கு ரஞ்சி ஆடியபோது அவருக்கு வயது 61! 1967 நவம்பர் 14-ல் இந்தூரில் காலமானார்.

தோழர்களே, நாமும் மார்க் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலில் நிற்கப் போகிறவர்கள்தான். அதில் பர்சன்டேஜ் இருக்கும், அரியர் இருக்கும். லேத்தில் பழகிய கை அதில் இருக்காது. விடிகாலையில் வலை இழுத்துவிட்டு முதல் பீரியடுக்கு ஓடிவந்த கால் அதில் இருக்காது. அதற்காக மார்க் வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். ரன் எடுக்காமல் நாயுடுவும் நாயுடு ஆகவில்லை! ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரனை ஒரே நம்பரை வைத்து எடைபோடும் முன், அந்த நம்பர் எதையெல்லாம் எண்ணவில்லை என்று ஒரு நிமிடம் கேளுங்கள். நாளைக்கு நாமே சூப்பர்வைசராகி ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காரும்போதும் அதைக் கேட்போம்.